பெயர் கேளாத கடை

துணிக்கடைக்குச் சேலை எடுக்கச் சென்ற அனுபவம் நேயர்களில் பலருக்கும் இருக்கும். கடைச் சிப்பந்தி பத்துச் சேலைகளை விரித்துக் காட்டுகிறார். அவற்றுள் இரண்டு மனத்துக்குப் பிடித்துவிடுகின்றன. கையில் உள்ள பணமோ ஒன்றுக்குத்தான் போதும். அந்த ஒன்றையும் இன்றே எடுப்பதா, சம்பளம் வந்தபின் எடுப்பதா என்ற தயக்கம் வேறு. "இவ்விரண்டையும் தனியே எடுத்து வையுங்கள், வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம்" என்று சொல்லி எழுந்துவிடுகிறோம். சிப்பந்தி முகம் சுளிப்பதில்லை. இரண்டையும் மடித்து அலமாரியின் ஓர் ஓரத்தில் வைக்கிறார். சில கடைகளில் ஒரு துண்டுச் சீட்டில் சேலையின் எண்ணையும் விலையையும் குறித்து நம் கையிலேயே கொடுத்துவிடுவதும் உண்டு. நான்கு நாள் கழித்து நாம் திரும்பி வந்தால், "பச்சையில் அரக்குக் கரை பார்த்தீர்களே, அந்த அம்மாதானே?" என்று நினைவு கூர்ந்து எடுத்து நீட்டுகிறார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனியாமல் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. அந்தச் சிப்பந்தி நம் பெயரைக் கேட்கவில்லை. நம் தெருவைக் கேட்கவில்லை. நம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கவில்லை. எடுத்து வைப்பதற்கு அவை எவையும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. பச்சைச் சேலை என்ற அடையாளமே போதுமானதாக இருந்தது.

இன்று கடைத்தெரு நம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. கைப்பேசியையோ கணினியையோ திறந்தால், இணையத்தில் எண்ணற்ற கடைகள். அங்கும் "எடுத்து வைத்தல்" உண்டு. பொருளின் படத்துக்குப் பக்கத்தில் சிறியதோர் இதய வடிவம் வரைந்திருப்பார்கள். அதைத் தொட்டால் அப்பொருள் நம் விருப்பப் பட்டியலில் சேர்ந்துவிடும் என்பது ஏற்பாடு. ஆனால் பல கடைகளில், தொட்ட அந்தக் கணமே ஒரு தடுப்பு எழுந்து நிற்கிறது. "முதலில் கணக்குத் தொடங்குக, பெயர் சொல்லுக, கைப்பேசி எண் தருக, அதற்கு வரும் ஓ.டி.பி. எண்ணை இங்கே இடுக" என்கிறது அது. ஒரு சேலையை ஓரமாக எடுத்து வைக்கச் சொன்னதற்காக நம்மை வாயிலில் நிறுத்திக் குலம் கோத்திரம் விசாரிப்பது போன்றது இது.

இத்தடுப்பு தேவைதானா? கணக்குத் தொடங்காமலே ஒருவர் தம் விருப்பங்களைக் குறித்து வைத்துக்கொள்ள இணையக் கடைகள் இடம் தர முடியாதா? இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள சில நிமிடங்களில் இதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

பேசுவதற்கு முன் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இணையக் கடைகளைக் கட்டித் தருவது என் தொழில். இத்தகைய தடுப்புகள் சிலவற்றை என் கையாலேயே கட்டியிருக்கிறேன். "இதயத்தைத் தொடுகிறவர் யாராயினும் அவருடைய எண்ணை வாங்கிவிடுங்கள், எண் இருந்தால்தான் பிறகு அவரை அழைக்க முடியும்" என்று கடைக்காரர் சொல்வார். சரி என்று செய்து கொடுத்துவிடுவேன். வாயிலை அமைக்கும் தச்சன், அதில் நுழைபவரைப் பற்றி நினைப்பதில்லை அல்லவா? நானும் அப்படித்தான் இருந்தேன், என் தங்கையின் வீட்டில் அந்தச் சம்பவம் நிகழும் வரையில்.

என் தங்கை திருச்சிராப்பள்ளிக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்கிறாள். சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது அவர்கள் வீட்டில் இருந்த கைப்பேசி ஒன்றே. அது என் மைத்துனரின் சட்டைப் பையில் இருக்கும். மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு அரசு விலையில்லாமல் வழங்கிய மடிக்கணினி ஒன்று இருந்தது. பகலில் மகள் பள்ளிக்குச் சென்றபின், தங்கை அதைத் திறந்து ஏதாவது பார்ப்பாள்.

அவளுக்குத் திருமணத்துக்கு முன்பே தையல் தெரியும். ஊரில் நான்கு வீட்டுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தால் மகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்பது அவள் எண்ணம். அதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வந்தாள். எண்ணத்தை யாரிடமும் சொல்லவில்லை. பாதிப் பணம் சேர்ந்தபின் சொல்லலாம் என்று காத்திருந்தாள். ஏழாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைந்த விலையில் ஒரு தையல் இயந்திரத்தை இணையக் கடை ஒன்றில் கண்டாள். மறந்துவிடாமல் இருக்க அந்த இதயத்தைத் தொட்டாள். கடை எண்ணைக் கேட்டது. அவளுக்குத் தெரிந்த எண் ஒன்றுதான். கணவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அதைக் கொடுத்து, வந்த ஓ.டி.பி.யையும் இட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து என் மைத்துனரின் கைப்பேசிக்குச் செய்திகள் வரத் தொடங்கின. "நீங்கள் விரும்பிய தையல் இயந்திரம் உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்றது ஒன்று. "இன்னும் சிலவே கைவசம் உள்ளன" என்றது மற்றொன்று. அவர் கடுமையான மனிதர் அல்லர். வேடிக்கையாகப் பேசும் இயல்பினர். ஒரு விசேஷத்துக்கு வந்திருந்த உறவினர் நடுவே, "எங்கள் வீட்டில் தையற்கடை திறக்கப் போகிறார்களாம்; எனக்கே கடைக்காரன் சொல்லித்தான் தெரிகிறது" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தப் பேச்சை அதன்பின் அவள் எடுக்கவேயில்லை.

சில மாதம் கழித்து நான் சென்றபோது என்னிடம் சொன்னாள்: "அண்ணா, வாங்குவதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. நினைத்துத்தான் வைத்தேன். நினைத்ததை ஊருக்குச் சொல்லிவிட்டானே!"

நான் என்ன தொழில் செய்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். ஆயினும் அவள் என்னைக் குறை கூறவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

நேயர்களே, வாங்கிய பொருளுக்கும் விரும்பிய பொருளுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. வாங்கிய பொருள் நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. வருவோர் போவோர் பார்க்கிறார்கள். விரும்பிய பொருளோ நம் மனத்தில் இருக்கிறது. வேலையை விட்டுவிட எண்ணுபவர் எந்தத் தேர்வு நூலைக் குறித்து வைக்கிறார், நோயுற்றவர் எந்தக் கருவியை விசாரித்து வைக்கிறார், குழந்தைக்காக ஏங்கும் பெண் எந்தத் தொட்டிலைப் பார்த்து வைக்கிறாள் என்பவையெல்லாம் இன்னும் வெளிச்சத்துக்கு வராத நினைவுகள். அவற்றில் பல, வராமலே போய்விடும். பத்தில் ஒன்றுதான் வாங்குதலாக முடியும் என்றாலும், பத்தும் மனிதருடைய உள்ளத்தைக் காட்டிவிடும்.

பட்டியல் என்பது எவ்வளவு பேசக்கூடியது என்பதற்கு அமெரிக்க நாட்டில் நடந்ததொரு நிகழ்ச்சி சான்று. 1987ஆம் ஆண்டில் ராபர்ட் போர்க் என்னும் நீதிபதி அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டிருந்தார். அவ்வேளையில் வாஷிங்டன் நகரத்து வார இதழ் ஒன்று, அவர் வீட்டார் கடையில் வாடகைக்கு எடுத்துப் பார்த்த திரைப்பட ஒளிநாடாக்களின் பட்டியலைப் பெற்று அதைப் பற்றி எழுதிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றுள் நாணத்தக்கது எதுவும் இல்லை. ஆயினும், ஒரு கடைக்காரரின் ஏட்டிலிருந்து ஒரு குடும்பத்தின் மாலைப் பொழுதுகள் வெளியே வந்துவிட்டனவே என்று நாடு திடுக்கிட்டது. மறு ஆண்டே, 1988இல், ஒளிநாடாக் கடைகள் அத்தகைய விவரங்களை வெளியிடலாகாது என்று அந்நாட்டுப் பேரவை ஒரு சட்டமே இயற்றிவிட்டது. பார்த்து முடித்த படங்களுக்கே இவ்வளவு கவலை என்றால், நிறைவேறாத ஆசைகளின் பட்டியலுக்கு எவ்வளவு கவலை வேண்டும்!

"அப்படியானால் பெயர் இல்லாமல் பட்டியலைக் காப்பது எவ்வாறு? யாருடையது என்று தெரியாமல் அதைத் திருப்பிக் கொடுப்பது எங்ஙனம்?" என்று சிலர் ஐயுறலாம். இதற்கு விடை நம் கோயில் வாசலிலேயே இருக்கிறது. கோயிலுக்குள் செல்லும் முன் காலணியைப் பாதுகாப்பு நிலையத்தில் விடுகிறோம். அங்குள்ளவர் நம் பெயரைக் கேட்பதில்லை. காலணியை ஓர் அறையில் வைத்து, அந்த அறையின் எண் பொறித்த வில்லை ஒன்றைக் கொடுக்கிறார். தரிசனம் முடிந்து வந்து வில்லையை நீட்டினால் காலணி கிடைக்கிறது. ஆயிரம் பேர் வந்து போகும் திருநாளிலும் இது நடக்கிறது. வில்லை யாரிடம் இருக்கிறதோ அவருடையது காலணி; பெயருக்கு அங்கே வேலையே இல்லை.

இணையத்திலும் இத்தகைய வில்லை உண்டு. அதன் பெயர் குக்கி. 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுலி என்பவர் அதை ஆக்கினார். அது எதற்காகப் பிறந்தது என்று அறிந்தால் வியப்பாக இருக்கும். இணையக் கடை ஒன்றை அமைக்க விரும்பிய நிறுவனம், வாடிக்கையாளர் கூடையில் அரைகுறையாகப் போட்டு வைத்த பொருள்களின் விவரத்தைத் தன் கணினியில் சுமந்துகொண்டிருக்க விரும்பவில்லை. அந்தச் சிறு குறிப்பை வாடிக்கையாளரின் உலாவியே வைத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தில் எழுந்ததே குக்கி. பின்னாளில் அதே குக்கி, மக்களை இணையம் எங்கும் பின்தொடர்ந்து வேவு பார்க்கும் கருவியாகவும் பயன்பட்டது. ஆயினும் அதன் தொடக்கம், துணிக்கடையின் துண்டுச் சீட்டைப் போல், வாங்குபவர் கையில் இருக்கும் எளியதொரு குறிப்புத்தான்.

கணக்கில்லாமல் விருப்பப் பட்டியலைக் காக்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, இப்போது சொன்ன வில்லை வழி. பட்டியல் கடையின் கணினியில் இருக்கும். அதற்குரிய எண் மட்டும் வாடிக்கையாளரின் உலாவியில் குக்கியாக இருக்கும். அவர் மறுமுறை வரும்போது உலாவி அந்த எண்ணைத் தானே நீட்டும். கடை பட்டியலை எடுத்துக் காட்டும். இங்கு ஒன்றில் கவனம் வேண்டும். காலணி நிலையத்தில் 41, 42, 43 என்று வரிசையாக எண் இடுகிறார்கள். இணையத்தில் அப்படி இட்டால், 41 உடையவர் 42 என்று சொல்லி அடுத்தவரின் பட்டியலைப் பார்த்துவிடுவார். ஆகையால் எவரும் ஊகிக்க முடியாதபடி நீண்டதொரு எண்ணை, வரிசை முறையின்றி, குலுக்கி எடுத்துத் தர வேண்டும்.

இரண்டாவது, துண்டுச் சீட்டு வழி. பட்டியல் முழுவதையும் வாடிக்கையாளரின் உலாவிக்குள்ளேயே எழுதி வைத்துவிடுவது. ஒவ்வோர் இணையத்தளத்துக்கும் இன்றைய உலாவிகள் சுமார் ஐந்து மெகாபைட் அளவு இத்தகைய சேமிப்பிடம் தருகின்றன. ஒரு பொருளின் குறியீடு இருபது எழுத்து என்று கொண்டாலும், ஆயிரம் பொருள்களுக்கு இருபதாயிரம் எழுத்துகளே ஆகும். ஐந்து மெகாபைட்டில் அது ஒரு மூலையை நிரப்புவதும் அரிது. இவ்வழியில் கடைக்காரரின் ஏட்டில் ஒன்றுமே இல்லை. ஏட்டில் இல்லாததை எவரும் திருட முடியாது, விற்க முடியாது, தவறுதலாக வெளியிடவும் முடியாது.

இவ்வழிகளில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வில்லையைத் தொலைத்தால் காலணி நிலையத்தில் நிற்க வேண்டியதுதான். உலாவியின் சேமிப்பைத் துடைத்துவிட்டால் பட்டியலும் போய்விடும். ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவி, 2020ஆம் ஆண்டு முதல், தன்னைப் பயன்படுத்தும் ஏழு நாள்களில் ஒருவர் ஒரு தளத்தின் பக்கமே செல்லாவிட்டால், அந்தத் தளம் நிரல் மூலம் எழுதி வைத்த குறிப்புகளைத் துடைத்துவிடுகிறது. வேவு பார்ப்போரைத் தடுக்க வந்த விதி அது; நல்ல துண்டுச் சீட்டும் அதில் அகப்பட்டுக்கொள்கிறது. கூகுளின் குரோம் உலாவி 2022 முதல் எந்தக் குக்கியையும் நானூறு நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. மேலும், கணினியில் குறித்த பட்டியல் கைப்பேசியில் தோன்றாது. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் வீட்டில், அடுத்து அமர்பவர் கண்ணில் அது படவும் கூடும்.

இக்குறைகளுக்குப் பரிகாரம் உண்டு. அதற்கு முதலில் வேண்டியது நேர்மை. பட்டியலின் தலைப்பிலேயே, "இப்பட்டியல் இந்தக் கருவியில் மட்டும் உள்ளது, உலாவியைத் துடைத்தால் அழிந்துவிடும்" என்று இரண்டு வரி எழுதிவிட வேண்டும். வேண்டாதபோது ஒரே தொடுதலில் முழுவதையும் அழிக்கும் பொத்தான் ஒன்று வேண்டும். பட்டியலை ஓர் இணைய முகவரியாக்கிக் கையில் கொடுக்கலாம். அம்முகவரியைத் தாளில் எழுதிக்கொண்டோ, நம்பிக்கையானவருக்கு அனுப்பியோ, வேறு கருவியில் திறந்துகொள்ளலாம். முகவரி தெரிந்தவர் எவரும் பட்டியலைப் பார்க்கக்கூடும் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். தாளில் அச்சிட்டுக்கொள்ளவும் வசதி செய்யலாம்.

இவற்றுக்கெல்லாம் பிறகு, கணக்குத் தொடங்குவதன் பயனைச் சொல்லலாம். "விலை குறையும்போது அறிவிக்க வேண்டுமா? எல்லாக் கருவிகளிலும் பட்டியல் தோன்ற வேண்டுமா? அப்படியானால் கணக்குத் தொடங்குங்கள்" என்று கேட்பதில் குற்றம் என்ன இருக்கிறது? அறிவிப்பு அனுப்ப முகவரி வேண்டும் என்பது நியாயமே. யார் விரும்பித் தொடங்குகிறாரோ, அவர் முன்பு சேர்த்த பட்டியலை ஒன்றும் சிந்தாமல் புதிய கணக்கில் சேர்த்துக் கொடுப்பது கட்டுபவரின் கடமை. ஆக, கணக்கு வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. எதற்கு வேண்டுமோ அதற்குக் கேட்க வேண்டும் என்கிறேன். பொருளை வீட்டுக்கு அனுப்ப முகவரியைக் கேட்பது முறை. பொருளைப் பார்த்து வைத்ததற்கு முகவரியைக் கேட்பது முறையன்று.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெயரைக் கேட்காமல், வில்லையை மட்டும் கொடுத்துவிட்டு, அந்த வில்லையைக் கொண்டே ஆளைப் பின்தொடர்வாரும் உண்டு. ஒரு கடையில் தொட்டுப் பார்த்த செருப்பு, அதன்பின் நாம் செய்தி படிக்கச் சென்ற இடத்திலெல்லாம் விளம்பரமாக வந்து நிற்பது அதனால்தான். அது பெயர் கேளாமை ஆகாது. பட்டியலுக்குத் தந்த எண் பட்டியலுக்கு மட்டுமே பயன்பட வேண்டும். அதில் தவறினால், வாயிலில் விசாரிப்பதை விட்டுவிட்டுப் பின்னால் ஆள் வைத்து அனுப்பியது போல் ஆகிவிடும்.

கடைக்காரர் நட்டத்துக்கு அஞ்சுகிறார். அவருடைய அச்சத்தை நான் இகழவில்லை. ஏனெனில் கடை நடந்தால்தான் எனக்கும் ஊதியம். ஆனால் அச்சம் வேறு, உண்மை வேறு. ஜாரெட் ஸ்பூல் என்னும் அமெரிக்க வடிவமைப்பு ஆய்வாளர் 2009ஆம் ஆண்டில் ஒரு பெரிய இணையக் கடையின் கதையை எழுதினார். கடையின் பெயரைச் சொல்லவில்லை. அங்கே பொருளைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டச் செல்பவர் முன், கணக்குத் தொடங்கு என்னும் பலகை நின்றது. ஆராய்ந்து பார்த்தபோது, கணக்கு வைத்திருந்தவர்களில் நூற்றுக்கு 45 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு வைத்திருந்தனர். சிலருக்குப் பத்துக் கணக்குகள் இருந்தன. நாள்தோறும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் கடவுச்சொல்லை மறந்துவிட்டுக் கேட்டனர். அவ்வாறு கேட்டவர்களில் நூற்றுக்கு 75 பேர் அந்தப் பொருளை வாங்காமலே போய்விட்டனர். அந்தப் பலகையை எடுத்துவிட்டு, கணக்கில்லாமலே மேலே செல்லலாம் என்று எழுதி வைத்தார்கள். வாங்கியவர் தொகை நூற்றுக்கு 45 வீதம் உயர்ந்தது. முதல் ஆண்டில் மட்டும் முப்பது கோடி டாலர் மிகுதியாக விற்றது. இது வாங்குமிடத்துத் தடுப்பின் கதை. வாங்க வந்தவரே தடுப்பைக் கண்டு திரும்பினார் என்றால், வெறுமனே பார்த்து வைக்க வந்தவர் எவ்வளவு எளிதில் திரும்பிப் போவார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

சட்டத்தின் போக்கும் இதே திசையில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் கூடையில் இட்ட பொருள்களை நினைவில் வைக்கும் குக்கிக்குத் தனியே இசைவு கேட்க வேண்டுவதில்லை என்று ஐரோப்பியத் தரவுக் காப்பு ஆணையங்களின் குழு 2012இல் கருத்துரைத்தது. கேட்டவருக்குக் கேட்டதைச் செய்வதற்கு வேண்டியது அது என்பதே காரணம். கணக்கில்லாமல் விருந்தினராகப் பொருள் வாங்க இணையக் கடைகள் வழி வைக்க வேண்டும் என்று ஜெர்மானியத் தரவுக் காப்பு அதிகாரிகளின் மாநாடு 2022இல் அறிவுறுத்தியது.

நம் நாட்டில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023 மே மாதத்தில், விலைச்சீட்டுப் போடுவதற்குக் கைப்பேசி எண் தந்தே ஆக வேண்டும் என்று கடைகள் வற்புறுத்தலாகாது என மத்திய நுகர்வோர் துறை அறிவுரை வழங்கியது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்துக்குத் தேவையான அளவு விவரத்துக்கே இசைவு செல்லும் என்கிறது. அவ்வாண்டு நவம்பரில் வெளியான நெறிமுறைகள், நுகர்வோரை மயக்கும் பதின்மூன்று இணைய உத்திகளை எடுத்துக் கூறின. ஒரு பொருளை வாங்குவதற்காகத் தொடர்பற்ற சேவையில் பதிவு செய்யவோ சொந்த விவரத்தைத் தரவோ கட்டாயப்படுத்துவது அவற்றுள் ஒன்று. வாங்குவோரைப் பற்றிச் சொன்ன இந்நெறி, விரும்புவோருக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்த வேண்டும் என்பது என் துணிவு.

தங்கையின் வீட்டிலிருந்து திரும்பிய பிறகு நான் கட்டும் கடைகளில் ஒரு வழக்கத்தை மேற்கொண்டிருக்கிறேன். இதயத்தைத் தொட்டால் பொருள் பட்டியலில் சேரும். வேறு ஒன்றும் நிகழாது. கடைக்காரர் மறுத்தால் மேலே சொன்னவற்றையெல்லாம் எடுத்துச் சொல்வேன். சிலர் ஒப்புக்கொண்டார்கள். ஒப்பாத இரண்டொருவரின் வேலையை நான் இழந்ததும் உண்டு. முன்பு கட்டிய தடுப்புகள் எல்லாவற்றையும் என்னால் பெயர்த்தெடுக்க முடியவில்லை. அவற்றில் சில இன்றும் நின்றுகொண்டுதான் இருக்கின்றன.

என் தங்கையின் செய்தியையும் சொல்லி முடித்துவிடுகிறேன். இரண்டு ஆண்டு சென்றபின் அவள் தையல் இயந்திரம் வாங்கினாள். இணையக் கடையில் வாங்கவில்லை. நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள் ஒன்றின் பின்புறத்தில், எந்த வகை, என்ன விலை என்று பென்சிலால் எழுதி, அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தாள். பணம் சேர்ந்ததும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, திருச்சிக்குப் பேருந்தில் சென்று, கடையில் நீட்டினாள். கடைக்காரர் தாளைப் படித்துப் பார்த்துவிட்டு இயந்திரத்தை எடுத்துக் காட்டினார். பணம் கட்டி முடித்து, உத்தரவாத அட்டையை நிரப்பும்போதுதான், "பெயர் என்னம்மா?" என்று கேட்டார்.

"அப்போது சொல்ல எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, அண்ணா" என்றாள்.

இணையக் கடை நடத்துவோரும், அவற்றைக் கட்டித் தரும் என் போன்றோரும் இன்று மாலையே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நம் கடையை, நம்மை அறியாத ஒரு கணினியில் திறந்து, ஒரு பொருளின் மேல் உள்ள இதயத்தைத் தொட்டுப் பார்ப்போம். பெயர் கேட்கிறதா என்று பார்ப்போம். கேட்டால், எதற்காகக் கேட்கிறது என்று நம்மையே வினவிக்கொள்வோம். அந்த வினாவுக்கு என் தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தக்க விடை இருந்தால், தடுப்பு அங்கேயே இருக்கட்டும். இல்லையேல் எடுத்துவிடுவோம்.